சாவியைக் கொடுத்த குரல்

மகனே, உனக்கு உன் உம்மாவின் சலாம். நலமா என்று கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்குவது நம் வழக்கம். இந்த முறை அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் கேட்க வேண்டியது வேறொன்று இருக்கிறது, அதைக் கேட்க இத்தனை நாளாக எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஷார்ஜாவில் இருக்கும் நம் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து போடுகிற ஆண்டு மலருக்கு, தாய்மார் யாராவது பிள்ளைக்கு எழுதுவதுபோல் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தார்கள். மூத்தவள், உன் லாத்தா, சிரித்துக்கொண்டே, "உம்மா, நீங்க எழுதுங்க. போன்ல பேசுனா அமெரிக்காக்காரன் ஒட்டுக் கேக்குறான்னு தம்பி சொல்றான்ல? இத ஊரே கேக்கட்டும்" என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றவள் எழுதுகிறாள் என்று யாரும் இரக்கப்பட்டுப் படிக்க வேண்டியதில்லை. மஸ்கட்டில் உன் பள்ளிக்கூடத்துக்குக் காய்ச்சல் லீவு எழுதிக் கொடுத்தது யார் கை என்று உனக்குத் தெரியும். காய்ச்சல் இல்லாத நாளுக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அதுவும் உனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் ஜெர்மன் பாஸ்போர்ட் கைக்கு வந்துவிடும் என்று போன வெள்ளிக்கிழமை சொன்னாய். நம் நாட்டு பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாய். நான் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டு, பேத்தி ஹனா சாப்பிட்டாளா என்று பேச்சை மாற்றினேன். மகனே, எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. ஷார்ஜா முவைலாவில் எங்கள் கட்டடத்தில் உன் பெயர் தெரியாத வீடு இல்லை. கீழ் வீட்டுத் தஞ்சாவூர்க்காரப் பெண் கேட்டாள்: "எல்லாரு வீட்டுப் பையனும் கம்ப்யூட்டர் படிச்சா அமெரிக்கா போறான். உங்க பையன் என்னங்கம்மா, அமெரிக்காவையே வீட்ட விட்டு அனுப்புற வேலை பாக்குறாராமே?" நான் சொன்னேன்: "அனுப்பல கண்ணு. விருந்தாளி வீட்டுச் சாவிய வச்சிருந்தா, குடுங்கன்னு கேக்குறாங்க. அவ்வளவுதான்." அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்கு அது உன்னிடமிருந்து புரிந்தது. ஐரோப்பாவின் சர்க்கார் ஆபீஸ்களில் பிறந்தவர் பெயர், இறந்தவர் பெயர், வீட்டுப் பத்திரம், வியாதிக்காரர் விவரம் எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளின் கணினிகளில் கிடக்கிறது, அதை எடுத்துச் சொந்தக் கணினிக்கு மாற்றுவதுதான் என் வேலை என்றாய். எழுதுகிற மென்பொருளும் அவர்களுடையது, கடிதம் போகிற வழியும் அவர்களுடையது என்றாய். "வாசல்ல நிக்கிற காவக்காரனும் அவங்க ஆளுதான் உம்மா. ராணுவமே அவங்கள நம்பித்தான் தூங்குது. நாளைக்கு அங்க ஒருத்தருக்கு மனசு மாறுனா, இங்க ஒரு நாடே முழிச்சிட்டு நிக்கணும்." நான் கேட்டேன், "கபீல் மாதிரியா மகனே?" நீ சிரித்தாய்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீ தெரிந்துகொண்டது பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண்ணால். மஸ்கட்டின் ரூவியில் உன் வாப்பாவுக்குப் பெட்டிக்கடை. நம் ஊரில் பெட்டிக்கடை என்றால் வெற்றிலை பாக்கு. அங்கே நிஜமாகவே பெட்டி விற்கிற கடை: ஊருக்கு லீவில் போகிறவன் வாங்கும் சூட்கேஸ், கம்பளி, டார்ச், அத்தர், பெட்டியைச் சுற்றிக் கட்ட நைலான் கயிறு. பெட்டி வாங்கினால் கட்டிக் கொடுப்பதும் வாப்பாதான். அவர் கட்டின முடிச்சு விமானத்தில் அவிழாது என்று மலையாளிகள்கூட வருவார்கள். கல்லாவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும், அதில் கேசட்டுகள். ஊருக்குக் காகிதம் எழுதத் தெரியாதவர்கள் பேசிப் பதிவு செய்து கொண்டுவந்து அதில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் பெட்டி வாங்கி ஊருக்குப் போனாலும், அந்த ஊர்ப் பக்கத்துக் கேசட்டை எடுத்து வாப்பா அவர் துணிகளுக்கு நடுவில் செருகிவிடுவார். "பாய், இது யாரு குரலு?" என்று கேட்டால், "யாருதா இருந்தா என்ன, உன் சட்டையவா கிழிக்கப் போவுது?" என்பார். ஒருவன் குரலை இன்னொருவன் பெட்டி கொண்டுபோய்ச் சேர்த்தது. நடுவில் யாரும் திறந்து கேட்டதாக நான் அறியேன். கேட்டாலும் மனைவியிடம் அழுவதைத்தான் கேட்டிருப்பார்கள், அது எல்லாரும் அழுவதுதான்.

கடை வாப்பாவின் உழைப்பு. லைசென்ஸ் கபீலின் பெயரில். வளைகுடாவில் கடை வைத்தவர்கள் எல்லாருக்கும் இது தெரிந்த கதை. அந்த நாட்டுக்காரர் ஒருவர் பெயர் கொடுத்தால்தான் ஷட்டர் தூக்க முடியும். நம் கபீல், பெரியவர், எவ்வளவு நல்லவர் என்று உனக்கே ஞாபகம் இருக்கும். நோன்புப் பெருநாளைக்கு அவர் வீட்டிலிருந்து பெரிய தாம்பாளத்தில் இறைச்சிச் சோறு வரும். உனக்கு அம்மை போட்டபோது ஆஸ்பத்திரிக்குத் தன் வண்டியில் கொண்டுபோனவர் அவர். கடை உங்களுடையது என்று எழுதி ஒரு காகிதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சலாலாவிலிருந்து உன் மாமா சொன்னபோது, வாப்பா கோபப்பட்டார். "என் கூடப் பொறந்தவன் மாதிரி இருக்குற மனுசன்கிட்ட கையெழுத்துக் கேக்கச் சொல்றியா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" நானும் அவர் பக்கம்தான் பேசினேன். அந்தப் பெரியவர் கெட்டவராக இருந்திருந்தால், மகனே, நாங்கள் பிழைத்திருப்போம். எப்போதோ வேறு ஏற்பாடு செய்திருப்போம். அவர் நல்லவராக இருந்ததால் நாங்கள் கண்ணை மூடி இருந்துவிட்டோம். உன் ஐரோப்பாவும் அப்படித்தான் இருந்துவிட்டதோ என்று நீ பேசும்போதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. பெரியவர் மௌத்தாகி அடக்கமான பிறகு அவர் மகன் கடைக்கு வந்தார். அவரும் மரியாதை தெரிந்த பிள்ளைதான். நாங்கள் கொடுத்த அரபுக் காப்பி, காவா, குடித்தார், பேரீச்சம்பழத்தை எடுத்து உன் கையில் கொடுத்தார், பிறகு வாப்பாவிடம், "பாய், கலாஸ், முடிஞ்சுது. இனிமே கடைய நான் பாத்துக்குறேன். நீங்க போக வேணாம், சம்பளத்துக்கு இருங்க" என்று இந்தியில் சொன்னார். சத்தம்கூடப் போடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து நீ கேட்டாய்: "வாப்பா, அது நம்ம கடைதானே?" வாப்பா சொன்னார்: "கடை நம்மதுதான். பேருதான் அவங்களுது." நீ விடவில்லை. "அப்ப பேரு இருக்குறவங்க சொல்றதுதானே நடக்கும்?" அவர் கை கழுவப் போனார். குழாயை வெகுநேரம் திறந்தே வைத்திருந்தார். நீ இன்று செய்கிற வேலையின் முதல் நாள் அதுதான் என்று நான் நம்புகிறேன். உன் அதிகாரிகள் வேறு ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

அதற்குப் பிறகு நம் குடும்பம் சிதறியது. வாப்பாவின் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்கவில்லை. உன்னைக் கூட்டிக்கொண்டு நான் ஊருக்குப் போனேன், நீ படித்து ஜெர்மனிக்குப் போனாய், லாத்தா கல்யாணமாகி ஷார்ஜா போனாள், அவள் பிள்ளைகளைப் பார்க்க நானும் இங்கே வந்தேன். உன் மச்சானின் விசாவில் இன்றுவரை இருக்கிறேன். வாப்பா மட்டும் ரூவியை விட்டு அசையவில்லை. தன் கடையிலேயே சேல்ஸ்மேனாக நின்றார். "வாங்க, போதும்" என்று நான் கூப்பிடாத மாதமில்லை. "பெட்டி கட்ட ஆளில்ல புள்ள" என்பார். அதற்கு மேல் கேட்டால் அவருக்கு இருந்த மிச்சமும் போய்விடும் என்று விட்டுவிட்டேன். போனில் பேசுவதென்றால் இங்கே அந்த அமெரிக்கக் கம்பெனியின் பச்சை ஆப்பில் கால் போகாது, சர்க்கார் தடை. குரலைப் பதிவு செய்து அனுப்பலாம், அது போகும். ஆகவே வளைகுடாக் குடும்பங்கள் எல்லாம் மறுபடியும் கேசட் காலத்துக்குப் போய்விட்டோம், போனுக்குள்ளேயே. வாப்பா தினமும் கடை அடைத்ததும் ஒரு வாய்ஸ் போடுவார். மனிதர் சிக்கனம், ஒரே பேச்சை எனக்கும் உனக்கும் லாத்தாவுக்கும் அனுப்புவார். அதில் புதிதாக எதுவும் இருக்காது. பின்னால் டாக்சி ஹார்ன் கேட்கும், ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்கும், அப்புறம் அவர்: "கடை சாத்தியாச்சு. சாவியக் குடுத்துட்டேன். எல்லாரும் சாப்ட்டியளா?" கபீலின் மகன் வைத்திருந்த மேனேஜர் தினமும் சாவிக்காக நின்றுகொண்டிருப்பான். தன் இடுப்பில் அத்தனை வருடம் தொங்கிய சாவியைக் கழற்றிக் கொடுத்ததைத்தான் அந்த மனிதர் தினமும் நமக்குச் சொன்னார். நான் அதைக் கேட்டுக்கொண்டே சோறு வடித்தேன். என்ன சொல்கிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவர் ரூவியிலேயே, ரூமிலேயே, ஒரு மதியத் தூக்கத்தில் போய்ச் சேர்ந்த பிறகுதான், அந்தக் குரல்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டுக் கேட்டபோது, "சாவியக் குடுத்துட்டேன்" என்கிற இடத்தில் மூச்சு ஒன்று தடுக்குவதைக் கேட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். என்னிடம் அந்தக் குரல்கள் இல்லை. லாத்தாவிடமும் இல்லை. எங்கள் இரண்டு பேர் போனிலும் இருந்தது மச்சானின் கம்பெனி சிம். மச்சான் வேறு வேலைக்கு மாறியபோது கம்பெனி அந்த நம்பர்களை எடுத்துக்கொண்டது, அது அவர்கள் பொருள்தானே. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் என் போனில் அந்தப் பச்சை ஆப், இந்த நம்பர் இனி இங்கே இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டது. அந்த நம்பரில் இப்போது ஒரு பிலிப்பைன்ஸ் பெண் கையில் பூங்கொத்தோடு சிரிக்கிறாள். கீழே போன் கடைக்குக் கொண்டுபோனேன். கடைப் பையன், "மாஃபி முஷ்கில் உம்மா, எல்லாம் அழிச்சுட்டுப் புதுசா ஏத்தினா சரியாயிரும்" என்றான். மாஃபி முஷ்கில் என்றால் கஷ்டமே இல்லை என்று அர்த்தம். நானும் தலையாட்டினேன். கபீலும் உன் அமெரிக்காவும் பெரிய கதை மகனே. நான் ஒரு சிம் அட்டையில், யாரோ ஒருவர் பெயரில் இருந்த அட்டையில், என் புருஷன் குரலை வைத்திருந்தேன். ஒரு தடவை கடை போன குடும்பம்தான் நம்முடையது. அப்படியும் அடுத்தவர் பெயரில்தான் வைத்தோம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று லாத்தாவிடம் நான்தான் சொன்னேன். நீ அங்கே தேசத்துக்கே புத்தி சொல்கிறாய், உன் உம்மா இப்படிச் செய்தாள் என்று நீ கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் இரண்டு மாதத்துக்கு முன் நீ சொன்னாய்: "உம்மா, ஆபீஸ்ல எல்லாரையும் அந்தப் பச்சை ஆப்லேருந்து வெளிய வாங்கன்னு சொல்லிட்டு நானே உள்ள உக்காந்திருக்க முடியாது. என் கணக்க மூடிட்டேன். நீங்களும் புதுசுக்கு வந்துருங்க." மூடப்போகிறேன் என்று சொல்லவில்லை. மூடிவிட்டேன் என்றாய். நீ மேலே பேசிக்கொண்டே போனாய். புது ஆப்பை லாத்தா பிள்ளை ஏற்றிக் கொடுத்தான். அதிலும் இங்கே கால் போகவில்லை, வாய்ஸ்கூட எப்போதாவது நாள் கழித்துத்தான் வந்தது. நீ, "விபிஎன் போட்டுக்குங்க, தடையத் தாண்டிப் போகும்" என்றாய். மச்சான் முகம் மாறியது. "அத்தை, அதெல்லாம் வேணாம். ஏதாவது ஒண்ணுன்னா விசா என் பேர்ல இருக்கு" என்றார். நான் உன்னிடம் முடியாது என்று சொன்னபோது நீ கோபித்தாய். "எப்பத்தான் உம்மா நீங்க பயத்த விடுவீங்க?" மகனே, உனக்கு இப்போது சொந்த வாசல் கிடைத்துவிட்டது, அதில் நின்றுகொண்டு நீ பேசுகிறாய். நான் இன்னும் ஒருவர் பெயரின் நிழலில் நிற்கிறேன். என் பயம் எனக்குக் குறைச்சல் இல்லை. அதை வைத்துத்தான் உங்கள் இருவரையும் வளர்த்தேன். பச்சை ஆப்பையும் நான் விடமாட்டேன். சலாலா மாமா அதில்தான் இருக்கிறார், ஊரில் மௌத்துச் செய்தி அதில்தான் வருகிறது. நீ போனதால் நின்றது ஒன்றே ஒன்று, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஹனா போடுகிற வாய்ஸ். அவள் தமிழில் பாதியும் ஜெர்மனில் பாதியும் கலந்து என்னைத் திட்டுவாள். எனக்குப் புரியாத பாதியைத்தான் நான் அதிகம் கேட்டேன்.

உன் ஆபீஸில் ஓய்வு பெறப்போகிற அம்மா ஒருவரைப் பற்றி ஒருநாள் சொல்லிச் சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? புது மென்பொருளில் பட்டன் எல்லாம் இடம் மாறியதும், மேசையில் தலையைச் சாய்த்து அழுதார் என்று. "ஒரு மாசத்துல பழகிரும் உம்மா, அதுக்குப் போயி" என்றாய். நான் சிரிக்கவில்லை. நீ செய்வது சரி. அந்நியன் வீட்டில் சாமானை வைத்தவன் ஒருநாள் இழந்துதான் தீருவான், அதை நீ எனக்குப் படித்துச் சொல்ல வேண்டாம், நான் ரூவியிலேயே படித்துவிட்டேன். ஆனால் பழைய வீட்டைக் காலி செய்கிறபோது, கடைசியாக ஒருமுறை உள்ளே போய் அலமாரி, பரண், கதவுக்குப் பின்னால் இருக்கிற ஆணி எல்லாம் பார்ப்போம் அல்லவா? யாருடையதாவது ஏதாவது தொங்குகிறதா என்று. அந்த அம்மா அதற்குத்தான் அழுதிருப்பார். அவருடையது ஏதோ ஓர் ஆணியில் தொங்கியிருக்கிறது.

அதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். கதவைச் சாத்துவதற்கு முன் நீ உள்ளே போய்ப் பார்த்தாயா? வாப்பாவின் குரலை எடுத்து வைத்தாயா? உன் வீட்டில் சொந்தமாக ஒரு கணினி வைத்திருக்கிறேன், எல்லாம் அதில் இருக்கிறது, இனி யாரும் பூட்ட முடியாது என்றாய். எல்லாம் என்றால் எதெல்லாம் என்று நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீ சாதாரண லைனில் கூப்பிட்டுப் பேசும்போது அந்தக் கேள்வி என் நாக்கு நுனி வரை வருகிறது. கேட்டு, நீ ஒரு நொடி தயங்கினால் எனக்கு விடை தெரிந்துவிடும். அந்த ஒரு நொடியைத் தாங்க முடியாமல்தான் காகிதத்தில் கேட்கிறேன். நீ படிக்கும்போது உன் முகம் எனக்குத் தெரியாது, உன் மூச்சு எனக்குக் கேட்காது.

எடுத்து வைத்திருந்தால், லாத்தாவின் கொழுந்தன் பெருநாளைக்கு உன் ஊர் வழியாக வருகிறார், அவர் பெட்டியில் துணிகளுக்கு நடுவில் வைத்து அனுப்பு. கையில் பிடிக்கிற பொருளாக அனுப்பு, யார் பெயரிலும் இல்லாத பொருளாக. எல்லாம் வேண்டாம், ஒன்று போதும், எல்லாம் ஒன்றுதானே. எடுத்து வைக்கவில்லையென்றால், மகனே, மனம் உடைந்துபோகாதே. உன்னை நான் திட்டமாட்டேன். நானும் தலையாட்டியவள்தான். இனிமேல் எதையும் தொலைக்கமாட்டேன் என்று சொல்லிச் சொல்லி என்னைத் தேற்றவும் வேண்டாம், எங்கோ இருக்கும் தேடுகிறேன் என்று பொய்யும் வேண்டாம். ஒன்று மட்டும் செய். உனக்கு இப்போது அவர் குரலே வந்துவிட்டது, ஹனாவை அதட்டும்போது எனக்கே திக்கென்கிறது. ஆபீஸ் விட்டு வந்து உன் வீட்டுக் கதவைச் சாத்தியதும், உன் லைனில், உன் ஆப்பில், எதில் போகிறதோ அதில் ஒரு வாய்ஸ் போடு. எத்தனை நாள் கழித்து வந்தாலும் கேட்டுக்கொள்கிறேன். அவர் சொன்னதையே சொல், சாவியை மட்டும் மாற்றிச் சொல். "கடை சாத்தியாச்சு உம்மா. சாவி என்கிட்டத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கேட்டதைக் கேள். நான் முதலில் கேட்காமல் கடைசிக்கு வைத்த கேள்வியும் அதுதான், நம் வீட்டில் நலமா என்பதற்கு அந்தச் சொல்தான். நான் பதில் சொல்லக் காத்திருக்கிறேன். நீங்களெல்லாம் சாப்ட்டியளா?